பட்டயமும் பாட்டு நோட்டும்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு என்னோடு வந்திருந்த தம்பி ஒருவர், சுலைமானி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, வரலாறு, அரசியல்னு மாசாமாசம் புதுப் புத்தகம் வருது. எதை நம்பி வாங்குறது?"

பதிலாக, எதிரே இருந்த பரதேசி சினகாகை, அதாவது யூதர்களின் தொழுகைக் கூடத்தை, காட்டினேன். 1568இல் கட்டியது. பரதேசி என்றால் நம் ஊர்ப் பொருளில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். ஆனால் அங்கே காக்கப்பட்டு வரும் செப்பேடு அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், கி.பி. 1000 வாக்கில், இசுப்பு இரப்பான் என்ற வணிகர் தலைவருக்குக் கொடுத்தது. ஜோசப் ரப்பான் என்ற பெயரை நம் நாக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழுக்கு மிக நெருக்கம். பகல்விளக்கு, குடை, பல்லக்கு என 72 உரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் அவருக்கு. பகலில் விளக்கேந்திப் போவது அன்று பெரிய மரியாதை.

அந்த உரிமைகள் மகன், மகள், மருமக்கள் என வழிவழியாகச் செல்லும் என்கிறது பட்டயம். மகள் அதில் வாரிசாக இருக்கிறாள். அவள் என்ன நினைத்தாள், என்ன பாடினாள் என்பதைச் செம்பில் யாரும் வெட்டவில்லை.

அதைச் சொல்ல ஒரு கொச்சிக்காரி வர வேண்டியிருந்தது. ரூபி டேனியல் 1912இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தார். 1951இல் இஸ்ரேல் போனார். மானிடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ரூபி ஆஃப் கொச்சின்' 1995இல் வந்தது.

இந்தச் சினகாகிலேயே ஒரு பிரிவினருக்கு 'மெசுஹ்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகள், என்று பெயரிட்டுச் சம உரிமை மறுத்திருந்தார்கள். ஒரே கடவுளைத் தொழுதவர்கள், ஒரே கூரையின் கீழ்! அதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரக வழியில் போராடினார். யூத காந்தி என்றே அவரை அழைத்தார்கள். ரூபி அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதினார். பட்டயம் காட்டும் பெருமைக்குள் இந்த வலியும் இருந்தது என்பது அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ரூபி இன்னொரு பெரிய காரியமும் செய்தார். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளப் பாட்டுப் பாடுவார்கள். கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் முன்னால் பெண்கள் பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு பல நாட்டு யூதர்களிடம் உண்டு. இங்கே ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பாட்டுகளை ரூபி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஸ்கறியா சக்கரியா போன்ற அறிஞர்கள் அந்த நோட்டுகளில் இருந்த பாட்டுகளைத் தொகுத்தார்கள்.

தம்பியிடம் சொன்னேன்: அச்சான வருடம் ஒரு புத்தகத்தைப் புதிதாக்காது. இதுவரை பேசாத ஒருவர் அதில் பேசுகிறாரா என்று பாருங்கள். பட்டயத்தையும் தள்ள வேண்டாம். அது இல்லாமல் காலக்கணக்கு நிற்காது. பட்டயத்தையும் பாட்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஆசிரியரை நம்பி வாங்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி எழுதிய பாட்டு நோட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.