கணினித் திரைக் கண் அயர்ச்சி

கணினித் திரையை நெடுநேரம் பார்ப்பவர்களுக்குக் கண் எரிச்சல், உறுத்தல், பார்வை மங்கல், தலைவலி, கழுத்து வலி ஆகியவை சேர்ந்து வருவது கணினித் திரைக் கண் அயர்ச்சி எனப்படும். இது தனியொரு நோயன்று. பல காரணங்களால் எழும் தொல்லைகளின் தொகுப்பு.

வேலூர், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பரந்த தோல் தொழில் வட்டாரத்திலும் இத்தொல்லை உண்டு. காலணி ஆலை என்றதும் தையல் இயந்திரமே நினைவுக்கு வரும். ஆனால் அப்பர் எனப்படும் காலணி மேற்பகுதியின் பேட்டர்னைக் கணினியில் வரைவது இன்று வழக்கம். ஓர் அளவுக்கு வரைந்ததை மற்ற அளவுகளுக்கு மாற்றும் கிரேடிங் வேலையும் திரையில் நடக்கிறது. ஏற்றுமதிப் பிரிவினருக்கு வேறொரு சிக்கல். ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளின் நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அங்கே அலுவலகம் திறக்கும்போது ஆம்பூரில் நண்பகல் ஆகிவிடுகிறது. எனவே அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்கான திரை வேலை மாலை தாண்டியும் நீள்வதுண்டு.

கண்ணில் நடப்பது என்ன?

மனிதர் இயல்பாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை கண் சிமிட்டுகின்றனர். திரையை ஊன்றிப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே குறையலாம். பல சிமிட்டல்களில் இமை முழுதாக மூடுவதும் இல்லை. சிமிட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணின் மேல் கண்ணீர்ப் படலம் புதிதாகப் பரவுகிறது. அது தடைப்பட்டால் கண் உலர்ந்து எரிகிறது. வேலூர்க் கோடையில் முகத்துக்கு நேரே சுழலும் மின்விசிறியும், குளிர்சாதனக் காற்றும் உலர்வை மேலும் விரைவாக்கும்.

தையல் பிரிவில் அப்பர் தைப்பவரும் நாள் முழுதும் அருகிலேயே பார்க்கிறார். ஆனால் அவர் பார்வை கீழ்நோக்கியது. மேலிமை கண்ணின் பெரும்பகுதியை மூடியிருக்கும். உயரமாக வைத்த திரையைப் பார்ப்பவரின் கண்ணோ அகலத் திறந்திருக்கிறது, கண்ணீர் விரைவில் ஆவியாகிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, தசைக் களைப்பு. அருகிலுள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் உள்ள சிறு தசை சுருங்கி நிற்க வேண்டும். மணிக்கணக்கில் அப்படியே நின்றால், வேலை முடிந்து நிமிரும்போது தொலைவில் உள்ளவை சிறிது நேரம் மங்கலாகத் தெரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் 20 விநாடி பார்க்கச் சொல்லும் விதி இத்தசையைத் தளர்த்துவதற்கே. எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. ஜன்னல் வழியே தெரியும் மலையைப் பார்த்தபடி நாலைந்து முறை இமையை முழுதாக மூடித் திறந்தாலும் பயன் ஒன்றே.

வெள்ளெழுத்தும் தவறான கண்ணாடியும்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நாற்பது வயதையொட்டி வெள்ளெழுத்து தொடங்கும். சரியான கண்ணாடி இல்லாமல் திரை வேலை செய்பவர் எத்தனை ஓய்வு எடுத்தாலும் அயர்ச்சி தீராது. அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி வேலைத்திறனை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வு சான்று. அக்கண்ணாடி பெற்ற நாற்பது வயது கடந்த தொழிலாளர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதல் பலன் காட்டினர். அவர்கள் கணினி முன் அமர்ந்தவர்கள் அல்லர், இலை பறித்தவர்கள்.

கண்ணாடி இருந்தும் தொல்லை தொடர்வதுண்டு. படிப்பதற்கான கண்ணாடி 35 முதல் 40 செ.மீ. தொலைவுக்கு அளந்து தரப்படுவது. திரையோ 50 முதல் 70 செ.மீ. தொலைவில் இருக்கிறது. இரட்டைக் குவியக் கண்ணாடி அணிந்தவர் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயை உயர்த்துவார். மாலையில் வரும் கழுத்து வலி அங்கிருந்து வருவதே. கண்ணிலிருந்து திரை வரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, கண் பரிசோதனையின்போது சொன்னால் அதற்கேற்ற கண்ணாடி கிடைக்கும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவிடுவது வேறு கதை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்தில் அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரையிலிருந்து வரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு.

சொட்டு மருந்தும் மருத்துவரும்

உலர்வுக்குச் செயற்கைக் கண்ணீர் உதவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து: எரிச்சல் உடனே அடங்கும், ஆனால் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். தோலுக்கு ஃபினிஷிங் செய்யும் இடத்தருகே மட்டும் கண் எரிந்தால், திரையைக் குறை சொல்லும் முன் அங்குள்ள ரசாயன ஆவியையும் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில் கண் மருத்துவத்துக்கு நெடுங்காலமாக அறியப்பட்டது வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை. ஐடா ஸ்கடர் 1902-இல் தொடங்கிய மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய இது, கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. கண்ணாடிக்கான பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. திடீர்ப் பார்வை இழப்பு, கடும் வலியுடன் கூடிய சிவப்பு, இரட்டைப் பார்வை, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை திரை அயர்ச்சி என ஒதுக்கிவிடத் தக்கவை அல்ல. அவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.