எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் என்ன, ராம் எத்தனை ஜி.பி., ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கடைக்காரரைத் துளைத்து எடுப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். எது போடுகிறீர்கள் என்று கேட்பவரை நான் பார்த்ததே இல்லை. (இன்ஜினியரிங் படித்த நானே கேட்டதில்லை!)

அதற்கான தண்டனை 2018-ல் கிடைத்தது. இறுதியாண்டு புராஜெக்ட் முடியும் தறுவாயில் ஒரு நாள் மாலை, 'டப்' என்ற சத்தத்துடன் என் கம்ப்யூட்டர் அணைந்தது. போன எஸ்.எம்.பி.எஸ்., ஹார்ட் டிஸ்கையும் கூடவே அழைத்துக் கொண்டு போய்விட்டது. பேக்கப் எதுவும் இல்லை. அழுதுகொண்டே ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த 450 வாட்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். கையில் எடுத்தால் காலி டப்பா போல இருந்தது. சென்ற ஆண்டு வரை வீட்டில் அதுதான் ஓடியது. படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போன பிறகு, அப்பாதான் அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறார்.

சென்ற ஆண்டு அலுவலக நண்பர் ஒருவர் பிளக்கில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். விளையாட்டாகச் செருகிப் பார்த்தேன். மானிட்டரைச் சேர்க்காமல், சி.பி.யு. மட்டும் 118 வாட்ஸ் இழுத்தது. பிரவுசரைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. சந்தேகப்பட்டு, '80 பிளஸ் பிரான்ஸ்' ஸ்டிக்கர் உள்ள ஒரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டிவிட்டு மீண்டும் அளந்தேன். 92 வாட்ஸ். மதர்போர்டு, பிராசஸர் எல்லாம் அதே பழையவைதான்.

அப்படியானால் அந்த 26 வாட்ஸ் எங்கே போய்க்கொண்டிருந்தது? வெப்பமாக, பெட்டியின் பின்னால் உள்ள ஃபேன் வழியாக.

சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வேலை. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். மட்டமான பெட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். '80 பிளஸ்' என்றால், பெட்டியின் திறனில் 20, 50, 100 சதவீத சுமை கொடுத்துச் சோதித்தபோது, உள்ளே போன மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் வெளியே வந்தது என்று அர்த்தம். பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள் ஏற ஏற வீணாவது குறையும். கோல்டு என்றால் பாதி சுமையில் ஏறக்குறைய 90 சதவீதம்.

சரி, இந்த ஸ்டிக்கருக்குப் பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? கம்ப்யூட்டர் கம்பெனிகள் இல்லை. அமெரிக்காவில் மின்சாரம் விற்கும் கம்பெனிகள்!

2004-ல் ஈகோஸ் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது இருந்த சிக்கல் இதுதான். நல்ல எஸ்.எம்.பி.எஸ். தயாரிக்கச் சில டாலர்கள் கூடுதலாக ஆகும். அந்தச் செலவு தயாரிப்பாளருக்கு. மிச்சமாகும் கரண்ட் பில்லோ வாங்குபவருக்கு. விலையில் போட்டி போடும் தயாரிப்பாளர் எதற்காக மெனக்கெட வேண்டும்? எனவே மின்சாரக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து, இத்தகைய எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய ஒவ்வொரு டெஸ்க்டாப்பிற்கும் தயாரிப்பாளருக்கு 5 டாலர் ஊக்கத்தொகை தர முன்வந்தன. 2005-ல் சீசானிக் நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். முதலில் தேறியது. பிறகு எச்.பி., டெல் போன்ற பெரிய நிறுவனங்கள் வந்தன. 2007 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, தன் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரைக்கு இதே 80 சதவீதத்தை நிபந்தனையாக்கியது. அதன் பிறகு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மின்சாரம் விற்பவர் குறைவாக வாங்கு என்று சொல்லிக் கைக்காசையும் கொடுப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இது தர்மம் இல்லை, கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏ.சி.யும் கம்ப்யூட்டரும் போடும் மதிய வேளைக்காகப் புதிதாக ஒரு மின் நிலையம் கட்டுவதை விட, அந்தத் தேவையையே குறைப்பது மலிவு. மேலும் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், விற்ற யூனிட்டுகளுக்கும் கம்பெனியின் லாபத்திற்கும் இருந்த முடிச்சை அரசு விதிகள் முன்பே அவிழ்த்துவிட்டிருந்தன. விற்பனை குறைந்தாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் ஐந்து டாலர் என்ன, ஐந்து காசு கூட வந்திருக்காது என்பது என் கருத்து.

2007 ஜூனில் கூகுளும் இன்டெலும் சேர்ந்து 'கிளைமேட் சேவர்ஸ் கம்ப்யூட்டிங்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். முதல் கலிபோர்னியாவின் பி.ஜி.அண்டு.ஈ. மின்சாரக் கம்பெனி வரை இதில் இருந்தன. 2010-க்குள் கம்ப்யூட்டர்களின் மின் செலவைப் பாதியாக்க வேண்டும், ஆண்டுக்கு 5.4 கோடி டன் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. 2012-ல் இது 'தி கிரீன் கிரிட்' என்ற அமைப்புடன் இணைந்துவிட்டது.

இனி நம் வீட்டுக் கணக்கு. 26 வாட்ஸ், தினம் எட்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 76 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால்தான் இவ்வளவு. ஆக, அப்பாவின் கம்ப்யூட்டர் மட்டும் ஆண்டுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் சும்மா புகைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பணமாகப் பார்த்தால், புது எஸ்.எம்.பி.எஸ். தன் விலையைத் திருப்பித் தரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். '650 வாட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் சார், பின்னால் உதவும்' என்பார்கள். பிரான்ஸ் முதல் பிளாட்டினம் வரையிலான படிகளில் 20 சதவீத சுமைக்குக் கீழே எந்த நிபந்தனையும் கிடையாது. மெயில் பார்க்கவும் படம் பார்க்கவும் 60 வாட்ஸ் போதும் என்னும்போது, 650 வாட்ஸ் பெட்டி பத்து சதவீத சுமையில் கூட ஓடாது. அங்கே ஸ்டிக்கர் எந்த உறுதியும் தரவில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 400, 450 வாட்ஸ் தாராளம். ஸ்டிக்கரே போலியாக இருக்கவும் வாய்ப்புண்டு. 80 பிளஸ் இணையதளத்தில் மாடல் எண்ணைத் தேடினால், சோதனை அறிக்கையையே பார்க்கலாம். அதில் இல்லாத மாடலை வாங்க வேண்டாம். (லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அது இயல்பாகவே குறைவாகத்தான் இழுக்கும்.)

செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. விண்டோஸில் 'செட்டிங்ஸ்' சென்று 'சிஸ்டம்', அதில் 'பவர்' பகுதியைத் திறக்கவும். ஸ்கிரீன் பத்து நிமிடத்திலும், கம்ப்யூட்டர் முப்பது நிமிடத்திலும் 'ஸ்லீப்' ஆகும்படி அமைக்கவும். ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். மீன் நீந்தும் நேரமெல்லாம் மானிட்டர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்பாவுக்கு ஸ்லீப் பிடிக்கவில்லை. "திடீர்னு இருட்டாகுதுடா, கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு" என்றார். மவுஸை அசைத்துக் காட்டினேன். இப்போது அவரே பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'அசைத்தால் எழும்.'