வாலில்லாத எலி

(மூன்றாம் ஆண்டு, பொருளாதாரம்)

எலி என்றதும் நம் கண்முன் நிற்பவை நெல் மூட்டையும் எலிப்பொறியுமே. ஆனால் நான் கூறவந்த எலி நெல்லைத் தின்பதன்று, பாட்டரியைத் தின்பது! கணினியோடு சேர்ந்து உழைக்கும் 'மௌஸ்' என்னும் சாதனமே அது. 'சுட்டி' என்ற நல்ல தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. மடிக்கணினிக்குக் கம்பியில்லா மௌஸ் ஒன்று வாங்குவதில் நான் செய்த தவறும், அதனால் கற்ற பாடமும் பிற மாணவர்க்குப் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் எங்கள் ஊரில் 120 குடும்பங்களின் வரவு செலவுகளைக் கேட்டறிந்து புராஜெக்ட் ஒன்று தயாரித்தேன். அட்டவணைகளை நிரப்ப, மடிக்கணினியிலுள்ள தொடுபலகையை நாளெல்லாம் விரலால் தேய்த்துச் சலித்தேன். எனவே பேருந்து நிலையத்தருகே நடைபாதைக் கடையில் 300 ரூபாய் கொடுத்து ஒரு கம்பியில்லா மௌஸ் வாங்கினேன். மூன்று வாரம் உழைத்தது. சமர்ப்பிக்க இரண்டே நாட்கள் இருந்தபோது, கணினியில் செருகும் விரல்நக அளவுள்ள ரிசீவர் விடுதியில் எங்கோ விழுந்து தொலைந்தது. மௌஸ் முழுதாகக் கையில் இருந்தது. அது சொல்வதைக் கேட்கக் கணினிக்குத்தான் காது இல்லை! இறுதியில் அறை நண்பரின் பழைய கம்பி மௌஸே என்னைக் காப்பாற்றியது. அதன் பின்னரே இச்சாதனத்தைப் பற்றிப் படிக்கலானேன்.

பிறந்த கதை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் உதித்த மௌஸை, 1964ஆம் ஆண்டில் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் செய்து முடித்தார். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அறிஞர் கூட்டத்தின் முன் அது இயக்கிக் காட்டப்பட்டது. வால் போல் கம்பி நீண்டிருந்ததால் எலியின் பெயர் அதற்கு வாய்த்தது. 1991இல் லாஜிடெக் நிறுவனம் வானொலி அலையால் இயங்கும் மௌஸை வெளியிட்டது. அன்று எலிக்கு வால் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அலைவழித் தூது

இன்று கிடைக்கும் கம்பியில்லா மௌஸ்கள் இரு வகை. முதல் வகை, தனக்கென ஒரு ரிசீவரைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகிக் கொள்வது. இரண்டாவது வகை, கணினிக்குள் ஏற்கெனவே உள்ள புளூடூத் வழியாகப் பேசுவது. இரண்டும் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே. இதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் வைஃபை முதலிய பல சாதனங்களும் அங்கேயே கூடுகின்றன.

ரிசீவர் வகையில் நன்மை என்னவெனில், செருகியவுடன் வேலை செய்யும். புளூடூத் இல்லாத பழைய கணினிக்கும் பொருந்தும். ஆனால் அது ஒரு துளையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை! இரண்டே துளைகள் உள்ள மடிக்கணினியில் பென்டிரைவுக்கு ஒன்றுதான் மிஞ்சும். புதிய மெல்லிய கணினிகள் சிலவற்றில் டைப்-சி துளை மட்டுமே இருப்பதால், சாதாரண ரிசீவர் அதில் நுழையவே நுழையாது. மேலும், மலிவு வகை பலவற்றில் ரிசீவர் தொலைந்தால் மாற்று கிடைப்பது அரிது. மௌஸின் அடியில் ரிசீவரை வைக்கச் சிறு குழி உண்டா என்று பார்த்து வாங்குதல் நலம்.

புளூடூத் வகையில் தொலைப்பதற்கு ஒன்றுமில்லை. முதல்முறை இணைக்கச் சில நிமிடங்கள் ஆகும். சிறிது நேரம் தூங்கிய மௌஸ் விழித்தெழ ஒரு கணம் தாமதிக்கலாம். இவ்விரு வழிகளிலும் இயங்கும் மௌஸ்களும் விற்கப்படுகின்றன.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களை நகலெடுக்கும்போது மௌஸ் திக்கித் திணறுவதைச் சிலர் கண்டிருக்கலாம். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. மௌஸ் பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

எலியின் கண்

மௌஸின் அடியில் ஓர் ஒளிவிளக்கும் சிறு கேமராவும் உள்ளன. அக்கேமரா மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுக்கிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. ஆகவேதான் வரையோ சொரசொரப்போ இல்லாத தெளிந்த கண்ணாடியின் மேல் அது திசை தெரியாமல் தவிக்கிறது. அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் தவிப்பு நீங்கும்.

பெட்டியின் மேல் 'டிபிஐ' என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 1,000 டிபிஐ என்றால், ஓர் அங்குலம் நகர்த்தும்போது மௌஸ் 1,000 எண்ணிக்கைகளை அனுப்பும் என்பது பொருள். எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி வீதம் அம்பு நகருமானால், 1,920 புள்ளி அகலமுள்ள திரையை இரண்டு அங்குலத்திற்குள் கடந்துவிடலாம். கட்டுரை எழுதவும் அட்டவணை நிரப்பவும் இதுவே தாராளம். 4,000 என்று விளம்பரம் செய்வதற்காகக் கூடுதல் பணம் தருவது, குடத்து நீருக்குக் குளம் வெட்டுவது போலாகும்.

தீனியும் கைப்பொருத்தமும்

சில மௌஸ்களுக்குப் பென்சில் பாட்டரி வேண்டும். சில, மின்னேற்றிக்கொள்ளும் பாட்டரியை உள்ளேயே கொண்டவை. பின்னதில் அடிக்கடி பாட்டரி வாங்கும் செலவில்லை. ஆனால் ஆண்டுகள் கழித்து அது நலிந்தால் மாற்றுவது கடினம். முன்னதில் பாட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எதுவாயினும் அணைக்கும் விசை ஒன்று இருக்கட்டும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்பவர் பாட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது. உள்ளேயே கிடந்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது கைப்பொருத்தம். நான் இடக்கைக்காரன். முன்பு வாங்கியதோ வலக்கைப் பெருவிரலுக்கென வளைத்துச் செய்யப்பட்டது. மூன்று வாரத்தில் மணிக்கட்டு வலித்ததற்கு அதுவே காரணம் என்று பின்னரே உணர்ந்தேன். பையில் அடங்கும் என்று மிகச் சிறியதை வாங்குவோரும், பெரிய கையராயின், விரல்களை மடக்கி வைத்தே வருந்துவர். எனவே கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கை படிகிறதா என்று பிடித்துப் பாருங்கள். நூலகத்தில் அமர்ந்து படிப்பவர்கள் ஓசையற்ற பொத்தான் உள்ளதைத் தேர்ந்தால் அருகிலிருப்போர் வாழ்த்துவர்.

முடிவாக

இவற்றையெல்லாம் எண்ணி, இருபுறமும் ஒத்த வடிவமுள்ள, ஒரே பென்சில் பாட்டரியில் இயங்கும் புளூடூத் மௌஸ் ஒன்றை 800 ரூபாய்க்கு ரசீதுடன் வாங்கினேன். கணினியின் அமைப்பில் இடது, வலது பொத்தான்களை மாற்றிக்கொண்டேன், வலியும் குறைந்தது. எப்போதும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்குக் கம்பி மௌஸே போதும் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். அதற்குப் பாட்டரியும் வேண்டாம், ரிசீவரும் வேண்டாம், விலையும் குறைவு.

பொருளாதார மாணவனாகிய நான் 120 குடும்பங்களின் கணக்கைக் கூட்டினேன். என் கணக்கில் மட்டும் தவறினேன். 300 ரூபாயில் முடிய வேண்டியது 1,100 ரூபாயில் முடிந்தது. மலிவு வேறு, சிக்கனம் வேறு என்பதை வகுப்பில் படித்திருந்தும், ஓர் எலி வந்துதான் எனக்குப் புரியவைத்தது!