வீடு வாங்கும் வேளையில் வரும் நோய்: குடும்பம் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு

வீடு வாங்க முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில், பண உதவி செய்வதாகச் சொல்லியிருந்த தந்தைக்கோ தாய்க்கோ புற்றுநோய் என்று தெரியவருகிறது. புற்றுநோய் மருத்துவப் பிரிவில் இத்தகைய குடும்பங்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். பணத்தைப் பற்றி அவர்கள் நேரடியாகப் பேசுவதில்லை. "ஸ்கேனை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாமா, டாக்டர்?" என்று நோயாளி கேட்பார். மெல்ல விசாரித்தால், "பையனின் வீட்டுப் பதிவு முடியட்டும்" என்பார். அவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது அந்த மகனுக்கே தெரிந்திருக்காது.

இந்த மௌனமே உண்மையான ஆபத்து. அதைக் கலைப்பதற்கு முதலில் இரண்டு கணக்குகளை அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வீட்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனிவீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்த அளவிலான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை மட்டுமே கிடைக்கும். எனவே 10 லட்சம் கைப்பணம் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மேலும் 4.5 லட்சம் ஆகும். ஆக, 14.5 லட்சம். பெரும்பாலும் இந்தத் தொகைக்குத்தான் பெற்றோரின் சேமிப்பை எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது, சிகிச்சைக் கணக்கு. இது முதல் மருத்துவமனை ரசீதோடு முடிவதில்லை. மார்பகப் புற்றுநோயில் ஹெர் 2 புரதம் மிகுந்திருக்கும் வகைக்கு, டிராஸ்டுசுமாப் ஊசியை மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாக ஓராண்டு வரை செலுத்துகிறோம். ஹார்மோன் சார்ந்த வகைக்கு மாத்திரைகள் குறைந்தது 5 ஆண்டுகள் தொடரும். நோய் கண்டறிந்த பின் எடுக்கும் புதிய காப்பீட்டில், அந்நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். துணைக்கு வருபவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் மாதங்களில்தான் வீட்டுக்கடன் தவணையும் தொடங்கும். ஆகவே சிகிச்சையின் கட்டங்கள், மாதங்கள், உத்தேசச் செலவு ஆகியவற்றை எழுதித் தருமாறு எங்களிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இவ்விரு கணக்குகளையும் வைத்துக்கொண்டு, நோயாளியையும் உடன் அமர்த்திப் பேசுங்கள். "நீங்கள் உடம்பைப் பாருங்கள், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று அன்போடு அவரை விலக்கிவைப்பதும் சரியன்று. அது அவருடைய உழைப்பில் சேர்ந்த பணம். பிள்ளையின் வீட்டுக்குத் தம் பங்கைத் தருவது அவருக்கு மனநிறைவாகவும் இருக்கலாம். எதைத் தரலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவரே சொல்லட்டும்.

பேச்சில் சில முடிவுகளை எட்டுவது நல்லது. சிகிச்சைக்கான தொகையை முதலில் ஒதுக்கி, நோயாளியின் பெயரிலேயே தனிக் கணக்கில் வையுங்கள். எஞ்சுவது மட்டுமே வீட்டுக்கு. தருவது அன்பளிப்பா, கடனா என்பதை எழுதிவைத்து, உடன்பிறந்தோர் அனைவருக்கும் தெரிவியுங்கள். பிற்காலப் பூசல்கள் பல இந்த ஒரு தாள் இல்லாததால் எழுபவை. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரும் அன்பளிப்புத் தொகைக்கு வருமான வரி இல்லை. கடனானால், 20,000 ரூபாய் முதல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வங்கி வழியே பெறுங்கள்.

பெற்றோர் தம் சொத்தையே பிள்ளையின் பெயருக்கு எழுதிவைப்பதானால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். பராமரிப்பு கிடைக்காதபோது அத்தகைய பத்திரத்தைச் செல்லாததாக்க, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிவகுக்கிறது.

மருத்துவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். மயக்க மருந்தின் தாக்கத்திலோ, கடும் காய்ச்சலிலோ, வீரியமிக்க வலிநிவாரணி தொடங்கிய நாட்களிலோ கையெழுத்து வாங்காதீர்கள். நோயாளியின் மனம் அப்போது தெளிவாக இராது. அந்தக் கையெழுத்தும் பின்னர் வழக்கில் கேள்விக்குள்ளாகும்.

முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று சிலர் கலங்குவர். விற்பவரிடம் நிலைமையைச் சொல்லி, உடன்படிக்கையின் காலக்கெடுவை நீட்டித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் முன்பணத்தில் ஒரு பகுதி போகலாம். அந்த இழப்புக்கு ஓர் அளவுண்டு. அதை மீண்டும் சம்பாதிக்கலாம். குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருக்கும் நோயை வளரவிட்டால், அந்தக் கட்டம் திரும்பி வராது.

அடுத்த முறை வரும்போது, வீட்டுக் கணக்கு எழுதிய தாளையும் மருத்துவக் கோப்போடு கொண்டுவாருங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு செலவு வரும் என்பதை உங்களோடு அமர்ந்து குறித்துத் தருகிறோம்.