பழைய அம்பாசிடரில் ஆல்டர்நேட்டர்: எப்படி இயங்குகிறது?

ஜூன் மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முன்னால் நிற்கும் லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. பின்னால் ஒரு பழைய அம்பாசிடர் ஐடிலில் உறுமுகிறது. ஹெட்லைட் மஞ்சளடித்துப்போகிறது, வைப்பர் பாதியில் தயங்குகிறது, டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜிங் விளக்கு எரிகிறது. பேட்டரியை மாற்றியும் தீராத இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் டைனமோதான். அந்த வேகத்தில் அது மின்சாரமே தருவதில்லை.

சமையலறைக் கணக்கில் பார்ப்போம். பேட்டரி என்பது மாவுப் பாத்திரம். விளக்கு, வைப்பர், ஹார்ன் எல்லாம் அடுப்பில் இருக்கும் தோசைக்கற்கள். மாவு அரைத்துப் பாத்திரத்தை நிரப்புவது டைனமோவின் வேலை. ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் 55 வாட் என்றால் அவற்றுக்கே 9 ஆம்பியர். வைப்பர், இக்னிஷன் காயில், பின்விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியரைத் தொட்டுவிடும். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர்தான் தரும். நெரிசலில் நின்றால் அரைப்பு நின்றுவிடும், தோசை மட்டும் வெந்துகொண்டே இருக்கும். பாத்திரம் காலியாகாமல் என்ன செய்யும்?

ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். கோவை கிரைண்டரில் இது தலைகீழ்: குழவி ஓரிடத்தில் நிற்க, பாத்திரமே சுழலும். எது நிற்பது, எது சுழல்வது என்பது மாறியது. டைனமோவுக்கும் ஆல்டர்நேட்டருக்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. டைனமோவில் காந்தம் நிற்கும், மின்சாரம் பிறக்கும் சுருள் சுழலும். பிறந்த மின்சாரம் முழுவதும் கம்யூட்டேட்டர் மீது உரசும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதிவேகத்தில் பொறி பறக்கும், சுருள் பிய்ந்துவிடும். அதனால் பெரிய புல்லி போட்டு டைனமோவை மெதுவாகவே சுழற்றினார்கள்.

ஆல்டர்நேட்டரில் காந்தம் சுழல்கிறது, மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்கிறது. பிரஷ் சுமப்பது காந்தத்துக்கு உயிரூட்டும் சில ஆம்பியர்களை மட்டுமே. சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் ஏறும். பிறப்பது மாறுமின்னோட்டம், உள்ளே இருக்கும் டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்குகின்றன. பேட்டரி மின்சாரம் திரும்பி வராமலும் அவையே தடுக்கின்றன. அதனால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்நேட்டருக்கு, டைனமோவோடு இந்த இரண்டு வேலையையும் செய்த பழைய கட்-அவுட் பெட்டி தேவையில்லை.

அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் வேலியன்ட் காரிலேயே ஆல்டர்நேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அம்பாசிடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது; பிற்கால வண்டிகள் ஆல்டர்நேட்டரோடே வந்தன. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இவற்றைச் செய்கிறது. டைனமோவுக்குப் பதிலாக மாட்ட 36 முதல் 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் போதும். அதற்கு மேல் போனால் ஃபேன் பெல்ட்டுக்கு வீண் பாரம்.

மாட்டும் முன் எர்த்தைப் பாருங்கள். அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் வழக்கம். அதை நெகட்டிவாக மாற்றாமல் பேட்டரி லீடை இணைத்தால் அந்த நொடியே டயோடு கருகும். பழைய மெயின் வயர் மெலிந்தது. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த புது கேபிள் இழுங்கள். 30 ஆம்பியர் அம்மீட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். மட்டாஞ்சேரியின் உப்புக்காற்று எர்த் இணைப்பைப் பச்சையாக அரித்திருக்கும். உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து கிரீஸ் தடவுங்கள்.

சார்ஜிங் பல்பை மறக்க வேண்டாம். சாவியைத் திருப்பியதும் அந்தச் சின்ன பல்பு வழியாகச் செல்லும் மின்சாரம்தான் காந்தத்தை எழுப்புகிறது. பல்பு போய்விட்டால் நல்ல ஆல்டர்நேட்டரும் சார்ஜ் செய்யாமல் இருக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி லீடைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் இனி ஆகாது. மின்னழுத்தம் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். என்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் வேலை சரி.

கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் காருக்கு டைனமோவே அழகு. மழையிலும் நெரிசலிலும் தினம் ஓடும் காருக்கு ஆல்டர்நேட்டர் அவசியம். கழற்றிய டைனமோவையும் கட்-அவுட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்; நாளை வண்டியை மூல நிலைக்குத் திருப்ப நினைப்பவருக்கு அவை வேண்டும்.