ஒரு பக்கத்தைத் தடுக்க முழுத் தளத்தையும் ஏன் மூடுகிறார்கள்?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை ராத்திரி விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டு வைஃபையில் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வந்தது. "சர்வர் டவுனா இருக்கும்"னு வீட்டில் சொன்னார்கள். சர்வர் விழுந்தால் எல்லாருக்கும் சேர்ந்துதான் விழும். ஒரு இணைப்பில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால், நடுவில் யாரோ கதவை மூடுகிறார்கள் என்று அர்த்தம். இருபது வருஷமாக நெட்வொர்க் பக்கம் வேலை பார்ப்பவனுக்கு இது பழகின அறிகுறி.

பின்னணி பலருக்கும் தெரியும். பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை விலங்கு மாட்டி அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த வாரம் விகடனின் டிஜிட்டல் இதழான 'விகடன் ப்ளஸ்' அட்டையில், டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல ஒரு கார்ட்டூன் வந்தது. தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை, பிரஸ் கவுன்சிலுக்கும் மத்திய இணை அமைச்சர் எல்.முருகனுக்கும் புகார் அனுப்பினார். அன்று ராத்திரியே தளம் போனது. முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று விகடன் சொன்னது.

படம் சரியா தப்பா என்பது இந்தக் குறிப்பின் விஷயம் இல்லை. புகார் ஒரு படத்தின் மேல். மூடியது முழுத் தளத்தையும். ஏன் அப்படி?

முதலில் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 69ஏ பிரிவின்படி நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு இணையத்தில் ஒன்றைத் தடுக்கச் சொல்லலாம். 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ-வை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ-வை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. 2021-ல் வந்த விதிகளில் செய்தித் தளங்களும் இதற்குள் வந்தன. அவசரம் என்றால் விசாரிக்காமலேயே தடுக்கலாம், 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தால் போதும்.

இனி நம்ம ஏரியா. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், பிரவுசர் முதலில் உங்கள் இணைய கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரிடம் போய் "இதன் எண் முகவரி என்ன?" என்று கேட்கும். தடை உத்தரவு வந்தால் கம்பெனிகள் செய்யும் சுலபமான வேலை, அந்தக் கேள்விக்குப் பொய்யான பதில் தருவது, அல்லது பதிலே தராமல் இருப்பது. இன்னொரு வழி எஸ்என்ஐ. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் மட்டும் பூட்டப்படாமல் போகும், அதைப் பார்த்து இணைப்பை அறுப்பார்கள். 2020-ல் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் இந்தியாவின் 6 கம்பெனிகளில் 4,379 தளங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு முறையில் தடுக்கிறார்கள், தடுக்கும் பட்டியலும் ஆளுக்கு ஆள் வேறு. என் வைஃபைக்கும் மொபைலுக்கும் இருந்த வித்தியாசம் இந்த ரகம்தான்.

இதில் எந்த வழியிலும் கம்பெனிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. அதற்குள் எந்தப் பக்கம் என்பது எச்டிடிபிஎஸ் பூட்டுக்குள் இருக்கிறது. கோட்டூர்புரம் ஃப்ளாட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் எந்த அபார்ட்மென்டுக்கு வருகிறார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியும், எந்த ஃப்ளாட்டுக்கு என்று தெரியாது. ஒரு ஃப்ளாட்டுக்கு மட்டும் ஆள் போகக்கூடாது என்றால், மெயின் கேட்டைப் பூட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. பழைய எச்டிடிபி காலத்தில் பக்கத்தின் முழு முகவரியும் வெளியே தெரிந்தது, ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடிந்தது. நாம் எதைப் படிக்கிறோம் என்று யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்றுதான் பூட்டு வந்தது. அதுவே தடையை முரட்டுத்தனமாக்கிவிட்டது.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கக்கூடிய ஒரே ஆள் தளத்தின் சொந்தக்காரர். அவருக்கே உத்தரவு அனுப்ப 2021 விதிகளில் இடம் இருக்கிறது. அவரிடம் கேட்காமல் கேட்டைப் பூட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பரத சக்கரவர்த்தி சொன்ன இடைக்கால வழியும் இதுவே: விகடன் அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுக்கட்டும், அரசு தளத்தைத் திறக்கட்டும். கார்ட்டூன் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். இரண்டு மாதம் கழித்து, பாகிஸ்தானுடனான மோதலின்போது 'தி வயர்' தளத்துக்கும் இதே கதை. மே 9-ல் தளம் முடங்கியது, ரஃபேல் விமானம் பற்றிய ஒரு செய்தியை எடுத்த பிறகு திரும்பியது.

விகடனுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக, சட்டசபை உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டே நாளில் வெளியே வந்தார். வழக்குப் போட்டு 1994-ல் ஜெயித்தார், 1,000 ரூபாய் நஷ்ட ஈடு. அவர் ஜெயிலுக்குப் போனபோதும் அந்த இதழ் கடைகளிலும் வீடுகளிலும் சலூன்களிலும் கிடந்தது. யாரும் திரும்ப வாங்க முடியவில்லை.

2025-ல் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரம், கார்ட்டூனுக்குச் சம்பந்தமே இல்லாத மாவட்ட நிருபரின் செய்தி, விவசாயக் கட்டுரை, பழைய பேட்டி எல்லாமே பூட்டிய கேட்டுக்குப் பின்னால். சந்தா கட்டினவருக்கும் இல்லை. இணையத்தில் மட்டும் எழுதும் பத்திரிகையாளருக்குத் தன் வேலையைக் காட்டவே இடம் போய்விடுகிறது. ஒரு செய்தியை எழுதும்போது "இதனால் என் பெயர் கெடுமா?" என்று யோசிப்பது போய், "கூட வேலை செய்கிற எல்லாருடைய பக்கமும் போய்விடுமோ?" என்று ஆசிரியர் யோசிக்க வேண்டியிருக்கிறது. பயமுறுத்த இது ஜெயிலைவிட மலிவான வழி.

யூடியூபுக்கு மாறினவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கேட்டும் ஃப்ளாட்டும் கூகுள் கையில், அதனால் ஒரே ஒரு வீடியோவை இந்தியாவில் மட்டும் மறைக்க முடியும். முழு சேனலையும் மறைக்கலாம். 2025 ஏப்ரலில் '4பிஎம்' சேனலுக்கு அது நடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பிரதி எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் வருவதன் ஒரு பிரதி 1954 சட்டப்படி எழும்பூர் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் போயாக வேண்டும். டிஜிட்டல் இதழுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறதே என்பீர்கள். 2017 ஆகஸ்டில் சினிமா திருட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்ன இரண்டாயிரத்துச் சொச்சம் தளங்களின் பட்டியலில் அதுவும் மாட்டிக்கொண்டு சில நாள் முடங்கிக் கிடந்தது.

அதனால் நிருபர் நண்பர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன்: வெளியான அன்றே உங்கள் கட்டுரையைப் பிடிஎஃப் ஆக்கி, தேதியோடு சொந்த ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம்.