கேஜா, ட்யூபா?

சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் முதலில் திணறி, அப்புறம்தான் பாய்கிறது. பிளக் மாற்றியாயிற்று, வால்வு இடைவெளி பார்த்தாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் மிச்சமிருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இரண்டும் ஒரே அளவு திறக்கவில்லை.

2009-இல் இந்தியாவுக்கு வந்த கவாசாகி நிஞ்ஜா 250ஆர் வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்புரேட்டர். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது உள்ளே இருக்கும் பட்டர்ஃபிளைத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்த மயிரிழைச் சந்து ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் அந்தச் சிலிண்டர் அதிகக் காற்றை வாங்கிக்கொண்டு மற்றதையும் சேர்த்து இழுக்கும். முழு வேகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஊருக்குள் ஓட்டும்போதுதான் உயிரை வாங்கும்.

தகடு எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு பலமாக இன்ஜின் பக்கம் வெற்றிடம் உண்டாகும். அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லாக் கருவிகளுக்கும் வேலை. ஒப்பிடுவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெற்றிடம் சரியாக எத்தனை என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இரண்டும் ஒன்றா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

கடையில் முதலில் கையில் கொடுப்பது வட்ட டயல் வேக்கம் கேஜ் செட். பார்க்க ஜோராக இருக்கும். மலிவான செட்டில் ஒரு கேஜ் சொல்வதை இன்னொன்று சொல்லாது. வாங்கியதும் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பதை அதன் முகத்திலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடலாம். ஊசி பேயாட்டம் ஆடாமல் இருக்க ட்யூபில் சின்ன வால்வு வேண்டும். அதை இறுக்கி மூடிவிட்டு, ஊசி அசையவில்லை என்று மகிழ்பவர்களும் உண்டு. அப்போது அது எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம். ஊசி லேசாக நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய ஒர்க்‌ஷாப்புகளில் பாதரசக் குழாய் வைத்திருப்பார்கள். யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாதரச ஆவி விஷம். இன்ஜினுக்குள் போனால் அலுமினியத்தையும் அரிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கைப்படி அந்த வகை மானோமீட்டர்களின் உற்பத்தி 2020-உடன் முடியவேண்டும் என்று முடிவானதும் அந்த விஷத்தால்தான்.

இரண்டு சிலிண்டர் வண்டிக்கு என் ஓட்டு எண்ணெய் ட்யூபுக்கே. மீன்தொட்டிக் கடையில் நான்கு மீட்டர் தெளிவான ட்யூபும், காற்றைக் கட்டுப்படுத்தும் குட்டி வால்வு இரண்டும் வாங்குங்கள். ஒரு பலகையில் ட்யூபை 'ப' எழுத்துபோல் கட்டி, அடியில் பாதி உயரத்துக்கு டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் ஊற்றுங்கள். நிறம் இருப்பதால் மட்டம் கண்ணுக்குத் தெரியும். இரு முனைகளும் அந்தக் குட்டி வால்வு வழியாக இரு கார்புரேட்டர்களுக்கு. எந்தப் பக்கம் எண்ணெய் ஏறுகிறதோ அந்தப் பக்கத் தகடு அதிகமாக மூடியிருக்கிறது. இரு கார்புரேட்டர்களுக்கும் நடுவில் உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரை ஒரு முறை முறுக்கி விட்டுப் பார்க்கவேண்டும்.

இது எவ்வளவு நுட்பம் என்பதற்கு ஒரு கணக்கு. பல ஜப்பானிய வண்டிகளின் கையேடு 2 செ.மீ. பாதரச அளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்கிறது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஆகவே அதே வித்தியாசம் எண்ணெயில் 30 செ.மீ.க்கு மேல் தெரியும். டயலில் ஊசி அசைந்ததா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டிய இடத்தில், இங்கே மட்டத்தில் ஒரு சாணுக்கும் மேல் வித்தியாசம் தெரியும்.

அந்த நுட்பமே ஆபத்தும். முதல் தடவை நான் ஒரு முனையை மட்டும் மாட்டி, "ஸ்டார்ட் பண்ணிட்டு அடுத்ததை மாட்டிக்கலாம்" என்று நினைத்தேன். இரண்டு நொடியில் அத்தனை எண்ணெயையும் இன்ஜின் குடித்துவிட்டது. தெருவே வெள்ளைப் புகை. மாடி வீட்டு அக்கா ஓடிவந்து "என்ன தம்பி, தீயா?" என்றார். 2டி ஆயில் எரிவதற்கென்றே உள்ளதால் புகையோடு போயிற்று.

நான்கு சிலிண்டர் என்றால் ட்யூப் வேலைக்கு ஆகும், ஆனால் பொறுமை போதாது. அதற்குப் பெல்ஃபாஸ்ட்டில் செய்யப்படும் கார்ப்ட்யூன் போன்றது நல்லது. நான்கு குழாய்களில் எஃகுக் கம்பிகள் ஏறி இறங்கும், சிந்துவதற்குத் திரவமே கிடையாது. விலை அதிகம்தான், நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம்.

ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் வேக்கம் கேஜ் உருப்படியான கணக்கைச் சொல்லாது. இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடின் அடியிலும் ஒரே அளவு ட்ரில் பிட்டைச் சொருகிப் பார்த்து கேபிளைச் சரிசெய்தால் போதும்.

எந்தக் கருவியானாலும் இன்ஜின் சூடாகியிருக்க வேண்டும், வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். டேங்கைக் கழற்றியபின் பெட்ரோலுக்குத் தனி பாட்டில் வேண்டும். நின்ற இடத்திலேயே ஓடும் வண்டிக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். முக்கியமாக, ட்யூப் மாட்டும் துளைகளை மூடியிருக்கும் ரப்பர் மூடிகளைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையது கழற்றும்போதே கிழியும். கிழிந்ததையே திரும்பப் போட்டால் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, மறுநாள் சிக்னலில் அதே உதறல்.